நூற்றுப் பதினான்கு

முதல் விதி: ஒவ்வோர் ஆமைக்கும் புதுக் கையுறை.
இரண்டாவது: தளும்பத் தளும்ப நீர் நிறைந்த தட்டைப்போல்
சாய்க்காமல் தூக்கு.
மூன்றாவது எங்கும் எழுதியிருக்கவில்லை.
வெர்ன்தான் சொன்னான்:
பயமுறுத்திவிடாதே, டெல்ஃபினா.
பயந்தால் மூத்திரம் பெய்துவிடும்.
போன குளிர்காலத்து மழையை
இன்னும் வயிற்றில் வைத்திருக்கிறது அது.

தூக்கினேன்.
முழங்கைவரை நனைந்தது.
ஒரு வருஷத்து மழை,
வெதுவெதுப்பாக.

தொட்டியில் விரலளவு தண்ணீர் ஊற்றி
இருபது நிமிடம் உட்கார வைத்தோம்.
குடித்ததா தெரியாது.
ஓட்டின் விளிம்பில் எண்ணை ஒட்டினேன்: 114.
வயது ஐம்பது இருக்கும் என்றான் வெர்ன்.
என்னைவிட மூத்தவள்.
நெவாடாவின் இந்தப் பள்ளத்தாக்கில்
யாருக்கும் வாடகை தராமல் இருந்தவள்.

நீ யார் பக்கம் என்று கேட்காதீர்கள்.
என் தம்பி ரூபேன் வளர்ந்தது
அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டைக்குக் கிழக்கே.
காற்று திரும்பும் நாட்களில் அம்மா ஓடிப்போய்
கொடியிலிருந்த துணிகளை அள்ளிவிடுவாள்.
அவன் நெஞ்சை எப்படி அள்ளுவது?
புகைபோக்கியை வெடிவைத்துத் தகர்த்த காலையில்
லாரிமேல் ஏறி நின்று பார்த்தோம்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
ரூபேன் மூச்சை இழுத்தான், விட்டான்,
மறுபடி இழுத்தான்.

ஆகையால் இந்தக் கண்ணாடி வயலை
வெறுக்க எனக்கு வராது.
அதனால்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.
அதனால்தான் தூக்கமும் இல்லை.

பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி
நூற்றுப் பதினான்கை இறக்கிவிட்டோம்.
சில வாரங்களில் திரும்பி வந்துவிட்டாள்.
வேலிக்கு வெளியே வடக்கே நடக்கிறாள்,
முனையில் திரும்பித் தெற்கே,
கம்பியை ஒட்டி,
அவள் காலடியில் மண் மெழுகினாற்போல் பளபளத்தது.
உள்ளே அவள் வளை இருந்த இடத்தில்
ஓர் எஃகுத் தூண் நிற்கிறது.
அவளுக்குத் தெரியாது.

மே மாதத்து நண்பகல்.
குனிந்து அவள்மேல் என் நிழலைப் பிடித்தேன்.
நான்கடிக்கு அப்பால், கம்பிக்குள்ளே,
ஆயிரமாயிரம் பலகைகளின் நிழல்
எவருக்கும் உதவாமல்
தரையில் கிடந்தது.

கொள்கலன் அலுவலகத்தில் பொறியாளர் பிரிசில்லா டாங்.
சொன்னேன்: புல்டோசர் வேண்டாம்.
புதர்களை முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள், வேர் கிடக்கட்டும்.
பலகையை ஓரடி உயர்த்துங்கள்.
வேலிக்கு அடியில் ஒரு சாண் விடுங்கள்.

அவள் கணக்குப் போட்டாள், அழித்தாள், போட்டாள்.
வடக்குப் பாதியில் முடியும்.
தெற்கை மழித்தாயிற்று.
பிறகு கணினியைப் பார்த்தபடி,
நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும்
எங்கோ நிலக்கரி எரிகிறது, டெல்ஃபினா.

பொய்யில்லை. எனக்கே தெரியும் அந்த எங்கோ.
நானும் பொய் சொல்லவில்லை.
மேசையில் ஒரு காப்பிக் கறை,
அதன் இந்தப்புறம் நான், அந்தப்புறம் அவள்.

செப்டம்பரில் ஒருமுறை மழை பெய்தது.
பாலைவனம் முழுக்கக் கிரியோசோட் புதரின் வாசம்.
வெட்டுண்ட அடிக்கட்டைகளிலிருந்தும் அதே வாசம்;
தெற்கில் மட்டும் வெறும் ஈரமண்.

வடக்கு வேலியின் இடைவெளியில்
சில காலடித் தடங்கள்.
உள்ளே போனதா, வெளியே வந்ததா,
சேற்றில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.
நூற்றுப் பதினான்கின் ரேடியோ
ஜூனிலிருந்து பேசவில்லை.

வெர்ன் மண்டியிட்டுக் கையை விரித்து அளந்தான்.
ஒரு சாண். சொன்னபடி இருக்கிறது, என்றான்.
உன் கை பெரியது, என்றேன்.

வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்துவந்தேன்.
இன்னும் இரண்டு விரல்.